கேள்வித்தாளில் இல்லாத சொல்

எங்கள் ஸ்ரீமுஷ்ணம், விருத்தாசலம் பகுதியில் சிறுநீரக நோய்க்கு மக்கள் வைத்திருக்கும் பெயர் 'உப்பு'. "அவருக்கு உப்பு ஏறிவிட்டது" என்பார்கள். "உப்பு எட்டு இருக்கிறதாம்" என்பார்கள். எட்டு என்பது இரத்தத்தில் உள்ள கிரியாட்டினின் அளவு. தசைகளிலிருந்து நாள்தோறும் வெளிப்படும் கழிவுப் பொருள் அது. சிறுநீரகம் தளரும்போது வெளியேற முடியாமல் இரத்தத்தில் தேங்குகிறது. சமையல் உப்புக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. ஆயினும் பெயர் உப்பு என்று ஆகிவிட்டபின், குழம்பில் உப்பைக் குறைத்தால் நோயும் குறையும் என்ற எண்ணம் இயல்பாகவே வந்துவிடுகிறது. உப்பைக் குறைப்பது இரத்த அழுத்தத்துக்கு நல்லதே. அத்துடன் வைத்தியம் முடிந்தது என்று வீட்டில் இருந்துவிடுவதில்தான் கேடு இருக்கிறது.

இலக்கியம் பேசும் இந்தப் பக்கத்தில் சிறுநீரகத்துக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். சிறுநீரக மருத்துவ நிபுணர்கள் எழுதும் தேர்வைப் பற்றியும், தேர்வில் தேறியபின் அவர்கள் தொடர வேண்டிய கல்வியைப் பற்றியும் ஒரு கருத்தை முன்வைக்க விரும்புகிறோம். அக்கல்வியில் நோயாளி பேசும் மொழியும் அவர் செய்யும் வேலையும் பாடமாக இடம்பெற வேண்டும். அந்தப் பாடத்தை உருவாக்குவதில் தமிழ் படித்தவர்களுக்கும் பங்கு உண்டு. இதுவே நம் கருத்து.

முதலில் அந்தக் கல்வியின் அளவைப் பார்த்துவிடுவோம். நம் நாட்டில் ஒருவர் சிறுநீரக நிபுணராக வேண்டுமானால் எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டு, பொது மருத்துவத்தில் எம்.டி. 3 ஆண்டு, அதன்மேல் சிறுநீரகவியலில் டி.எம். 3 ஆண்டு படிக்க வேண்டும். இடையில் வரும் நுழைவுத் தேர்வுகளுக்குச் செலவாகும் ஆண்டுகள் தனிக் கணக்கு. பல்கலைக்கழகப் பட்டம் வேண்டாதவர்கள் தேசியத் தேர்வு வாரியத்தின் வழியே டி.ஆர்.என்.பி. என்ற இணையான தகுதியைப் பெறலாம். அமெரிக்காவுக்குச் செல்லும் தமிழ் மருத்துவர்கள் அங்குள்ள உள்மருத்துவ வாரியத்தின் சிறுநீரகவியல் தேர்வை எழுத வேண்டும். அத்தேர்வு 1972இல் தொடங்கியது. ஒருமுறை தேறினால் வாழ்நாள் முழுவதும் செல்லும் என்றிருந்த சான்றிதழுக்கு 1990 முதல் பத்தாண்டு வரம்பு வைத்தார்கள். 2022 முதல், பத்தாண்டுக்கு ஒருமுறை பெருந்தேர்வு எழுதுவதற்கு மாற்றாக, காலாண்டுதோறும் சில கேள்விகளுக்கு இருந்த இடத்திலிருந்தே விடையளிக்கும் முறையும் வந்திருக்கிறது. இவற்றுக்கு ஆயத்தமாவதற்கென்றே வாரக்கணக்கில் நடக்கும் பயிற்சி வகுப்புகளும் வினா வங்கிகளும் உண்டு.

இத்தகைய தொடர்கல்வி வீண்சடங்கு அன்று. சிறுநீரகவியலின் அண்மை வரலாறே அதற்குச் சான்று. நீரிழிவால் பழுதாகும் சிறுநீரகத்தைக் காக்க இரத்த அழுத்த மருந்துகளில் ஒரு வகை உதவும் என்று பெரிய ஆய்வுகள் 2001இல் காட்டின. அதன்பின் ஏறத்தாழ 18 ஆண்டுகள் புதிதாகச் சொல்லும்படி எதுவும் வரவில்லை. 2019இலும் 2020இலும் வந்த ஆய்வுகள் நிலைமையை மாற்றின. சர்க்கரையைக் குறைக்க உருவாக்கப்பட்ட எஸ்.ஜி.எல்.டி.2 தடுப்பிகள் என்னும் மருந்துகள் சிறுநீரகத்தின் தேய்வையும் மெதுவாக்குகின்றன என்றும், நீரிழிவு இல்லாதவர்களுக்கும் அப்பயன் உண்டு என்றும் தெரியவந்தது. 2010இல் சிறப்பாகத் தேறிய ஒரு மருத்துவர் அதன்பின் எதையும் படிக்காமல் இருந்திருந்தால் இது அவருக்குத் தெரிந்திருக்காது. அவ்வகை மருந்தான டாபாகிளிஃப்ளோசினின் முதல் காப்புரிமை இந்தியாவில் 2020இல் முடிந்தது. எம்பாகிளிஃப்ளோசினுடையது 2025 மார்ச்சில் முடிந்தது. விலை இறங்கியது. ஸ்ரீமுஷ்ணத்து மருந்துக் கடையில் ஒரு கூலித் தொழிலாளி வாங்கக்கூடிய விலைக்கு வந்துவிட்ட மாத்திரை, மருத்துவர் அதை அறிந்து எழுதிக் கொடுத்தால்தான் அவர் கைக்கு வரும். டயாலிசிஸ் சில ஆண்டுகள் தள்ளிப்போவதும் போகாததும் இங்கே மருத்துவரின் படிப்பைப் பொறுத்திருக்கிறது.

சட்டம் கேட்பது எவ்வளவு? 2002ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை ஒழுங்குமுறை, 5 ஆண்டுகளில் 30 மணி நேரம் தொடர்கல்வி பெற வேண்டும் என்கிறது. ஆண்டுக்கு 6 மணி நேரம். அதுவும் எந்தப் பொருளில் என்ற கட்டாயம் இல்லை. வருகைப் பதிவே அளவுகோல். கல்லூரி ஆசிரியர்களாகிய நமக்கு இது புதிய செய்தி அன்று. பதவி உயர்வுக்கான புத்தொளிப் பயிற்சியில் கையெழுத்து இருக்கிறதா என்று பார்ப்பார்கள். என்ன கற்றோம் என்று கேட்கமாட்டார்கள். நாம் பழைய குறிப்பையே வைத்துக்கொண்டு பாடம் நடத்தினால் மாணவனுக்குச் சலிப்பு வரும். மருத்துவர் பழைய குறிப்பை வைத்துக்கொண்டிருந்தால் வரும் இழப்பு வேறு வகையானது.

மணி நேரங்களைக் கூட்டிவிட்டால் மட்டும் போதுமா என்பதே நாம் எழுப்ப விரும்பும் கேள்வி. பாடத்தில் எது இருக்கிறது, எது விடுபட்டிருக்கிறது என்று பார்த்தால், நம் மண்ணுக்கு மிக அருகில் இருக்கும் ஒரு நோய் இன்னும் ஓரத்தில்தான் நிற்கிறது.

நாட்பட்ட சிறுநீரக நோய்க்குப் பொதுவான காரணங்கள் நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும். இவை இரண்டும் இல்லாமல், வேறு தெரிந்த காரணமும் இல்லாமல், உழைக்கும் வயதில் உள்ள விவசாயத் தொழிலாளர்களின் சிறுநீரகங்கள் சுருங்கிப்போவதை உலகின் சில பகுதிகளில் மருத்துவர்கள் கண்டார்கள். மத்திய அமெரிக்காவில் எல் சால்வடோர், நிகரகுவா நாடுகளின் கரும்பு வெட்டும் தொழிலாளர்கள். இலங்கையின் வட மத்திய மாகாணத்து நெல் விவசாயிகள். ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளம் மாவட்டத்தில் தென்னையும் முந்திரியும் விளையும் உத்தானம் பகுதி மக்கள். 'காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய்' என்பது இதற்கு மருத்துவம் இட்டிருக்கும் பெயர். வெயிலில் கடும் உழைப்பும் உடல்நீர் வற்றுதலும், குடிநீரில் கலந்தவை, பூச்சிக்கொல்லிகள், வலி மாத்திரைகள் எனப் பலவும் ஐயத்துக்கு உள்ளாகியிருக்கின்றன. எல்லா இடங்களுக்கும் பொருந்தும் ஒரே காரணம் இன்னும் நிறுவப்படவில்லை.

இந்த வரிசையில் நம் பக்கத்துப் பெயரும் சேர்ந்துவிட்டது. புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையின் சிறுநீரகத் துறையினர், வடதமிழகத்திலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் தம்மிடம் வந்த நோயாளிகளை ஆராய்ந்து, 2020இல் வெளியான ஒரு கட்டுரையில் இதற்குத் 'தொண்டைமண்டல நெஃப்ரோபதி' என்று பெயரிட்டார்கள். சதகம் பாடப்பட்ட தொண்டைமண்டலம் ஒரு நோயின் பெயராக உலக மருத்துவ ஏட்டில் அச்சேறியது. நம் தமிழ்த்துறைகளில் எத்தனை பேர் அதைக் கவனித்தோம் என்று தெரியவில்லை. சென்னை மருத்துவக் கல்லூரியின் சிறுநீரக மருத்துவர்கள் தமிழ்நாடெங்கும் விவசாயத் தொழிலாளர்களிடையே நடத்திய ஆய்வு 2025இல் வெளிவந்தது. நோய் உறுதியானவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வழக்கமான காரணம் எதுவும் புலப்படவில்லை என்று அது சொல்கிறது. எல்லை பிரித்துப் பார்த்தால் ஸ்ரீமுஷ்ணம் நடுநாட்டைச் சேர்ந்தது. நோய்க்கு அந்த எல்லை தெரியாது. இங்கும் கரும்பு உண்டு, முந்திரி உண்டு, சித்திரை வெயிலில் குனிந்து நிற்கும் வேலையும் உண்டு. விருத்தாசலத்துப் பீங்கான் சூளைகளின் அருகே நிற்பவர்களின் வெக்கையும் கணக்கில் வர வேண்டியதே.

இந்நோயின் இயல்பு, கற்றவரையும் ஏமாற்றக்கூடியது. பாடநூலில் வரும் சிறுநீரக நோயாளிக்கு முகம் அதைக்கும், கால் வீங்கும், இரத்த அழுத்தம் ஏறும், சிறுநீரில் புரதம் மிகும். இந்தத் தொழிலாளிக்கோ நெடுநாள்வரை வீக்கம் இராது. இரத்த அழுத்தம் பெரும்பாலும் இயல்பாகவோ சற்றே கூடியோ இருக்கும். சிறுநீரில் புரதம் மிகக் குறைவாகவே தெரியும். 2023இல் தமிழ்நாடு அரசு, ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வருபவர்களின் சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று சோதனைப் பட்டையால் பார்க்கும் திட்டத்தைத் தொடங்கியது. நல்ல திட்டம், நீரிழிவால் வரும் பாதிப்பை முன்னதாகவே பிடிக்கும். ஆனால் நாம் சொல்லும் இந்த நோயாளி அந்தப் பட்டையைத் தாண்டிப் போய்விடக்கூடும். அவரைப் பிடிக்க இரத்தத்தில் கிரியாட்டினின் பார்க்க வேண்டும். யாருக்குப் பார்க்க வேண்டும் என்ற முடிவை எடுக்க, அவர் என்ன வேலை செய்கிறார், உடம்பைப் பற்றி என்ன சொல்கிறார் என்பதைக் கேட்டறிய வேண்டும். மருத்துவம் இங்கே மொழியிடம் வந்து நிற்கிறது.

நீர்ச்சுருக்கு என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். வெயில் காலத்தில் நீர் போகும்போது எரிச்சலும் கடுப்பும் வருவதை நம் மக்கள் நீர்ச்சுருக்கு என்பார்கள்; நீர்க்கடுப்பு என்றும் சொல்வதுண்டு. இளநீர், மோர், வெந்தயம் என்று கைவைத்தியம் பார்ப்பார்கள். தீராதபோது மருத்துவரிடம் போனால், கிருமித்தொற்று என்று கருதி மாத்திரை எழுதுவது வழக்கம். நிகரகுவாவின் கரும்புத் தோட்டங்களில் இதே துன்பத்துக்கு மக்களிடம் ஒரு சொல் இருந்தது: 'சிஸ்தாத்தா'. அங்கும் மருத்துவர்களும் மருந்துக் கடைக்காரர்களும் அதைக் கிருமித்தொற்று என்றே எடுத்துக்கொண்டு மருந்து கொடுத்து வந்தார்கள். சிறுநீரகம் பழுதாகும் ஊர்களில் இச்சொல் ஏன் இவ்வளவு கேட்கிறது என்று ஆய்வாளர்கள் பின்னர் வினவினார்கள். 2013இல் வெளியான ஓர் ஆய்வு, மருத்துவர்களையும் மருந்தாளுநர்களையும் நேர்கண்டு அச்சொல்லைச் சுற்றியிருந்த நம்பிக்கைகளையும் பழக்கங்களையும் பதிவு செய்தது. மக்களின் ஒரு சொல் ஆய்வுக்கு நுழைவாயில் ஆயிற்று.

நீர்ச்சுருக்கு வந்தவர்க்கெல்லாம் சிறுநீரகம் கெட்டுவிடும் என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அது வீண் அச்சுறுத்தல். ஆனால் கோடைதோறும் நீர்ச்சுருக்கு வருகிறது என்று சொல்லும் ஒரு கரும்பு வெட்டும் தொழிலாளிக்கு, கிருமி மருந்தோடு ஒரு கிரியாட்டினின் பரிசோதனையும் எழுதலாமே என்ற எண்ணம் மருத்துவருக்குத் தோன்ற வேண்டும். அந்த எண்ணம் பயிற்சியால் வரும். அயல்நாட்டு வினா வங்கியிலும் நம் பல்கலைக்கழகக் கேள்வித்தாளிலும் நீர்ச்சுருக்கு என்ற சொல்லுக்கு இடமில்லை.

வேறு சொற்களும் உண்டு. "வேலை என்ன?" என்று கேட்டால் "விவசாயம்" என்று பதில் வரும். வரப்பில் குடையோடு நின்று வேலை வாங்குபவரும் விவசாயம். களை எடுப்பவரும் விவசாயம். கங்காணியிடம் முன்பணம் வாங்கி டன் கணக்குக்குக் கரும்பு வெட்டுபவரும் விவசாயம். நோயின் கணக்கில் இவர்கள் மூவரும் வேறு வேறு மனிதர்கள். டன் கணக்குக்கு வெட்டுபவர் நிழலில் உட்கார்ந்தால் கூலி குறையும். "வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டால் "இல்லை" என்பார்கள். பொய் இல்லை அது. மாலையில் உடம்பு வலிக்கு மருந்துக் கடையில் வாங்கும் 'ஒரு செட் மாத்திரை' அவர்கள் எண்ணத்தில் மருந்து என்ற கணக்கிலேயே வராது. டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள், நீர் வற்றிய உடம்பில் சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தை மேலும் குறைக்கும் என்பதை ஒவ்வொரு மருத்துவரும் படித்திருக்கிறார். ஆனால் 'செட்' என்ற சொல்லால் கேட்டால்தான் விடை கிடைக்கும் என்பதை யார் கற்றுக்கொடுத்தார்கள்? "தண்ணீர் நிறையக் குடியுங்கள்" என்ற அறிவுரையும் அப்படித்தான். வயல்வெளியில் ஒதுங்க மறைவிடம் இல்லாததால் பகல் முழுவதும் வேண்டுமென்றே தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்களிடம் அந்த அறிவுரை செல்லுபடி ஆகாது.

மருத்துவர் தரப்பில் மறுப்புகள் வரும் என்பதை அறிவோம். ஒரே காலையில் நூறு பேரைப் பார்க்க வேண்டியவருக்கு இப்படி விரித்துக் கேட்க நேரம் ஏது என்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் சரியான சொல் தெரிந்தால் கேள்வி சுருங்கும். ஐந்து பொதுக் கேள்விகள் செய்யாத வேலையை "வலிக்குச் செட் மாத்திரை போடுவதுண்டா?" என்ற ஒரு கேள்வி செய்துவிடும். இரண்டாவது மறுப்பு, தேர்வு எங்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது. தேர்வு ஒன்றாகவே இருக்கட்டும். குளோமெருலஸ் நோய்களும் அமிலகாரச் சமநிலையும் மாற்றுச் சிறுநீரகமும் எந்த நாட்டிலும் படித்தே ஆக வேண்டியவை. நாம் கேட்பது தொடர்கல்வியின் 30 மணி நேரத்தில் இரண்டோ மூன்றோ மணி நேரம், அந்தந்த வட்டாரத்தின் நோய்க்கும் தொழிலுக்கும் மொழிக்கும் ஒதுக்கப்பட வேண்டும் என்பது. டி.எம். வாய்மொழித் தேர்வில், எதிரே இருக்கும் நோயாளியிடம் அவர் தொழிலையும் அவர் எடுத்துக்கொள்ளும் மாத்திரைகளையும் அவருக்குப் புரியும்படி கேட்டறிகிறாரா என்று பார்க்க, கேள்வித்தாளை மாற்றக்கூடத் தேவையில்லை.

இடத்தையும் மாற்ற வேண்டும். தொடர்கல்விக் கூட்டங்கள் பெரும்பாலும் பெருநகர விடுதிகளில் நடக்கின்றன. மருந்து நிறுவனங்களிடமிருந்து மருத்துவர்கள் பரிசும் பயணச் செலவும் பெறக்கூடாது என்று 2009இல் விதி வந்தது. ஆயினும் எதைப் பற்றிப் பேசுவது என்பதில் விற்பனைக்கு உரிய பொருள்களுக்கே முதலிடம் கிடைப்பது எளிது. தண்ணீருக்கும் நிழலுக்கும் விற்பனைப் பிரதிநிதி கிடையாது. ஆனால் நிகரகுவாவில் ஒரு கரும்பாலை தன் தொழிலாளர்களுக்கு நீர், நிழல், ஓய்வு ஆகியவற்றை ஒழுங்காக அமைத்துக் கொடுத்தபின், அவர்களது சிறுநீரகப் பாதிப்பு குறைந்தது என்று ஆய்வு காட்டியிருக்கிறது. இதைப் போன்ற பாடத்தை விருத்தாசலத்திலோ சிதம்பரத்திலோ ஓர் அரசு மருத்துவமனைக் கூடத்தில், சிறுநீரக நிபுணரும் ஊர் மருத்துவரும் செவிலியரும் மருந்தாளுநரும் சேர்ந்து உட்கார்ந்து பேச முடியும். நிபுணர் அங்கே புதிய மருந்தைப் பற்றிச் சொல்வார். ஊர் மருத்துவர் நீர்ச்சுருக்கைப் பற்றிச் சொல்வார். இருவருக்கும் அது தொடர்கல்வி.

இவை நடக்கக்கூடியவையே என்பதற்கு முன்னோடிகள் உண்டு. 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார், பாடநூல்களைத் தமிழாக்கினார், கலைச்சொற்களைத் தொகுத்தார். சென்னையில் மருத்துவர் எம்.கே. மணி, சிறுநீரக உதவி அறக்கட்டளையின் மூலம், சென்னையை அடுத்த சிற்றூர்களில் சுமார் 25,000 மக்களிடையே ஒரு திட்டத்தை நடத்தினார். உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி அளித்து வீடுவீடாகச் சென்று கேள்விகள் கேட்கவும், சிறுநீரையும் இரத்த அழுத்தத்தையும் பார்க்கவும் செய்தார். விலை குறைந்த மருந்துகளைக் கொண்டே நீரிழிவையும் இரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைக்க முடியும் என்று காட்டினார். பன்னாட்டு ஏடுகளில் அவர் அதை எழுதியதும் பாடத்தின் ஒரு பகுதிதான். நம் துறையிலிருந்து சொல்வதானால், விருத்தாசலம் பகுதிக்காரரான கண்மணி குணசேகரன் நடுநாட்டுச் சொல்லகராதியைத் தனியொருவராகத் தொகுத்தார். 2007இல் அது வெளிவந்தது. வட்டாரச் சொல் இலக்கியத்துக்கு மட்டும் உரியது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். உடம்பின் நோவைச் சொல்லும் சொற்களும் அந்தச் செல்வத்தைச் சேர்ந்தவையே.

ஆகவே, மருத்துவர்களைக் கேட்பதோடு நிறுத்தாமல் நம்மவர்களையும் கேட்கிறோம். நம் கல்லூரிகளில் முதுகலை மாணவர்கள் ஆண்டுதோறும் எழுதும் ஆய்வேடுகளில் சில, தம் ஊரின் நோய்ச் சொற்களைத் தொகுப்பதாக அமையலாம். நோவு, கடுப்பு, குடைச்சல், அசதி, அதைப்பு என ஒவ்வொன்றையும் மக்கள் எந்தப் பொருளில் ஆள்கிறார்கள், எந்த வேலைக்குப்பின் சொல்கிறார்கள், அதற்கு என்ன சாப்பிடுகிறார்கள் என்று எழுதி, மருத்துவக் கல்லூரிகளுக்கு அனுப்பலாம். 'உப்பு எட்டு' என்பதற்குப் பதிலாகச் 'சிறுநீரகத்தின் வேலைத்திறன் நூற்றுக்குப் பத்துக்கும் கீழே' என்று நோயாளிக்கு விளங்கச் சொல்லும் தமிழை மருத்துவர்களோடு சேர்ந்து உருவாக்கலாம். எதைக் கட்டுப்படுத்த வேண்டும், எதை நிறுத்த வேண்டும், எப்போது திரும்ப வர வேண்டும் என்பதை ஒரு பக்கத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம்.

இதற்கெல்லாம் பெருநிதி தேவையில்லை. ஒரு தமிழ்த்துறையும் ஒரு சிறுநீரகத் துறையும் ஆண்டுக்கு ஒரு நாள் ஒரே மேசையில் அமர்ந்தால் தொடங்கிவிடலாம். வரும் கோடைக்கு முன்பே அந்த நாள் அமைந்தால், கரும்பு வெட்டப் போகிறவர்களில் சிலரிடமாவது சரியான கேள்வி சரியான நேரத்தில் கேட்கப்படும்.